காசில்லாத வீட்டுக்கு வைத்தியம்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

ஆத்தங்குடிக்காரர்:
என் சித்தப்பாவுக்கு டைல்ஸ் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றி, அதன்மேல் சிமெண்ட் போட்டு, பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். நாள் முழுக்கக் காலில் சிமெண்ட் ஈரம்தான். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டாயமில்லை, அதற்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சுண்டுவிரல் இடுக்கில் சிமெண்ட் அரித்துப் புண்ணாகியும் வலியே தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் அக்கா. விரலில் குத்திச் சுகர் பார்த்தவர், "அண்ணே, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். இடுக்கு கறுத்திருந்தது. அதற்குள் தனியாரில் ஓரிடத்தில் முன்பணம் கேட்க, சித்தி தோட்டைக் கழற்றிவிட்டார். அக்காதான் பிடிவாதமாகச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஒரு விரல் போனது, பாதம் தப்பியது. வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் சித்தப்பாவுக்குக் கூலி போச்சு, கூட இருந்த சித்திக்கும் போச்சு. இலவசம் என்றாலும் அன்றாடங்காய்ச்சி வீட்டில் அதுவே பெரிய செலவு. அதனால்தான் வாசலுக்கு வந்து பார்க்கிற அந்த அக்காவைப் பெரிதாக நினைக்கிறேன். 2021இல் இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் அவர் காலை யார் பார்த்திருப்பார்கள்?

தேவகோட்டை மகள்:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் அம்மா ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியிடம் சமையல் வேலை பார்க்கிறார். சும்மா கொடுக்கிற மாத்திரை கேட்குமா என்று பிரஷர் மாத்திரையைப் பிரிக்காமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரவே 1994இல் ஒரு கழகம் தொடங்கினார்கள். வருகிற மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் மருத்துவமனைக்கு விடுவார்கள். இதை நான் சொன்னபோது அம்மா கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா மாத்திரை அட்டையில் இருந்த தேதியைக் காட்டி நிதானமாக எடுத்துச் சொன்ன பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஏழைக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் வைத்தியம்தான்.

திருப்பத்தூர் ரோட்டுக்காரர்:
மச்சான் பைக்கிலிருந்து விழுந்தபோது காப்பீட்டு அட்டை இல்லை. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை கேட்கவில்லை. அது விபத்துக்கு மட்டும்தான். மற்ற பெரிய ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். வார்டில் ஆள் படுத்த பிறகு சான்றுக்கு அலைவது கொடுமை. பட்டறைக்காரர்கள் யாருக்காவது இன்னும் அட்டை இல்லையென்றால் இங்கே எழுதுங்கள், கூட வருகிறேன்.