லினக்ஸ் மிண்ட் 21.3-லிருந்து 22-க்கு மாறணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடை லேப்டாப்புல லினக்ஸ் மிண்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம், 21.3 பதிப்பு (சின்னமன் டெஸ்க்டாப்) ஓடுது. இதுக்கு 2027 ஏப்ரல் வரைதான் அப்டேட் வரும். 22-க்கு 2029 வரை இருக்கு. அதான் மாறிடலாம்னு பார்க்கறேன்.

மாட்டிக்கிட்டது டைம்ஷிஃப்ட்ல, அதாவது சிஸ்டத்தை பேக்கப் எடுக்கற புரோகிராம்ல. அதுல ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தோட நகல்) எடுக்காம, புதுப் பதிப்புக்கு மாத்தற மிண்ட்அப்கிரேட் கருவி மேல நகராது. சிஸ்டம் இருக்கற ரூட் பார்ட்டிஷன் 30 ஜிபி, மிச்சம் 7 தான், ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் பத்தாது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினா அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபார்மட்), டைம்ஷிஃப்ட் ஏத்துக்கல. லினக்ஸோட ஈஎக்ஸ்டி4-ஆ ஃபார்மட் பண்ணலாம்தான், ஆனா அதுல அஞ்சு வருசக் கல்யாணப் பத்திரிகை டிசைன் முழுக்க இருக்கு. வேற காப்பி கிடையாது. ஜிபார்ட்டட்ல (டிஸ்க்கைப் பிரிக்கற புரோகிராம்) அந்த டிஸ்க்குல இருக்கற பார்ட்டிஷனைச் சுருக்கி ஒரு 50 ஜிபி மட்டும் ஈஎக்ஸ்டி4 ஆக்கினா ஃபைல்களுக்கு ஆபத்து வருமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெரிய பயம். காலையில தமிழ் மீடியம் வாத்தியார் வினாத்தாளோட வருவார், மத்தியானம் பஞ்சாயத்துக்கு மலையாளத்துல மனு அடிக்கணும். பல மொழியில டைப் பண்ண உதவற ஐபஸ்ல தமிழ்99 கீபோர்டு, மலையாளம் ரெண்டும் வச்சு சூப்பர்-ஸ்பேஸ் (விண்டோஸ் கீயும் ஸ்பேஸும்) அழுத்தி மாத்திக்கிறேன். கை அதுக்கே பழகிப்போச்சு. 22-க்குப் போனா இந்த செட்டிங் அப்படியே நிக்குமா, மறுபடி போடணுமா?

ஓணத்துக்கு ரெண்டு நாள் கடை லீவு. அதுக்குள்ள முடிச்சாகணும்.