டக்கோட்டாவுக்கு அலுமினிய மேனி: எப்படித் தீட்டினாலும் ஆபீஸ் பீரோ மாதிரியே இருக்கிறது

ஒழுகினசேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே வேலையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் 40-ஆம் ஆண்டுப் பதிப்போடு ஒரு டிசி-3, அதாவது நம் டக்கோட்டா, வந்ததல்லவா, அதற்குப் பெயின்ட் அடிக்காத வெறும் அலுமினிய உடம்பு போட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி என் கற்பனை. 1950-களில் நாகர்கோவிலுக்கு ஒரு விமானம் வந்துபோயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்கிற ஆசைதான். ஜன்னல் வரிசையை ஒட்டி ஒரு பச்சைக் கோடு, வாலில் ஒரு பனைமரம்.

கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் 4096 பிக்சல் அளவில் செய்கிறேன். அடிநிறம் 150 சாம்பல் (0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை). முதுகில் வெள்ளை, வயிற்றில் கறுப்பு என்று மெல்லக் கலந்துவிட்டேன். பேனல் கோடெல்லாம் இரண்டு பிக்சல் கறுப்பு. ரிவெட் ஒவ்வொன்றாக வைத்தேன், கைவிரல் மரத்துப்போனது. மெட்டாலிக் (உலோகத்தன்மை) 180, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) எல்லா இடத்திலும் 40.

நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நேற்று திருவனந்தபுரத்தில் ரன்வே 14-ல் ஏறி, கடலோரமாகவே குளச்சல், முட்டம் தாண்டி வள்ளுவர் சிலைப் பக்கம் இடதுபுறம் சாய்த்தேன். விமானம் சாய்ந்தது. முதுகில் நான் தீட்டிய வெளிச்சம் சாயவில்லை! சூரியன் ஒரு பக்கம், பளபளப்பு ஒரு பக்கம். சாம்பல் பெயின்ட் அடித்த பழைய இரும்பு பீரோ பறக்கிற மாதிரி இருந்தது. ரஃப்னெஸை இன்னும் குறைத்தால் எவர்சில்வர் டம்ளர் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் அலுமினியம் எங்கே இருக்கிறது?

குளச்சல் காத்து:

ஓய், வெளிச்சத்தை நீரே வரைந்து வைத்துவிட்டால் சிமுலேட்டர் எதைத்தான் வரையும்? அந்த வெள்ளையும் கறுப்பும் கலந்த லேயரை முதலில் அழியும். சிமுலேட்டரின் 2004 பதிப்புக் காலத்தில் நாமெல்லாம் அப்படித்தான் செய்தோம், வேறு வழி இல்லை. பழக்கம் கையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

அடிநிறத்தை 245 பக்கம் கொண்டுபோம். வெள்ளையாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். உலோகத்துக்குச் சொந்தமாக ஒரு நிறம் தெரிவதில்லை, எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். அந்த எண், பட்ட வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான கணக்கு. 150 வைத்தால் வானத்தையே பாதிக்குமேல் விழுங்கிவிடும்.

மெட்டாலிக்கில் 180 என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. தகடு 255, பெயின்ட் 0. உமது பச்சைக் கோடும் பனைமரமும் அந்த சேனலில் முழுக் கறுப்பாக இருக்கணும். மூன்று கணக்கையும் ஒன்றாக வைக்கிற கலவைப் படத்தில் சிவப்பு சேனல் இடுக்கு நிழல், பச்சை ரஃப்னெஸ், நீலம் மெட்டாலிக். மாற்றிப் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க நான் அழுதிருக்கிறேன்.

பேனல் கோட்டை அடிநிறத்தில் கறுப்பாக இழுக்காதேயும். மேடுபள்ளம் காட்டுகிற நார்மல் மேப்பிலும் சிவப்பு சேனலிலும் லேசாக இருந்தால் போதும்.

பழைய பிட்டர், தக்கலை:

மக்கா, நான் ஏர்போர்ஸில் ஏர்பிரேம், அதாவது விமான உடம்பு, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் சங்கதி எனக்குத் தெரியாது, பேரன்தான் உங்கள் பேச்சைக் காட்டினான். தகடு தெரியும், அதனால் சொல்கிறேன்.

விமானத்தின் தோல் ஒரே தகடு இல்லை. ஒவ்வொரு தகடும் உருட்டி வந்த திசை வேறு. மரப்பலகையில் ரேகை ஓடுமே, அதே மாதிரி இதிலும் கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடும். இரண்டு தகட்டைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ரிவெட் அடித்தால், ஒரே வெயிலில் ஒன்று வெளுப்பாகவும் மற்றது கறுப்பாகவும் நிற்கும். நாலு எட்டு நடந்து பார், இரண்டும் மாறிவிடும். பழுது பார்த்து மாற்றின புதுத் தகடு மட்டும் தனியாக மினுக்கும். கதவுப் பக்கம் சாமான் உரசி உரசிக் கீறல் இருக்கும். இதெல்லாம் இல்லாமல் ஒரே சீராகத் தீட்டினால் பீரோதான்.

தகட்டில் நெளிவு உண்டு. ரிவெட் வரிசைகளுக்கு நடுவில் தோல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அடிவானம் அதில் நேர்க்கோடாகத் தெரியாது, நெளிந்து போகும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. டக்கோட்டாவைத் திருப்ப அசைகிற பாகங்கள், வாலில் ரடர், எலிவேட்டர், இறக்கையில் எய்லரான், மூன்றும் தகடு இல்லை, துணி. துணியை இழுத்துக் கட்டி மேலே டோப் என்கிற வெள்ளி நிறப் பூச்சு அடிப்பார்கள். அங்கே வானம் தெரியவே தெரியாது. இறக்கையின் முன்விளிம்பில் பனி உடைக்கிற ரப்பர் உறை இருந்தால் அது மங்கல் கறுப்பு. மூக்குக்கு மேலே, விமானியின் கண்ணுக்கு எதிரே, கூச்சம் தட்டாமல் இருக்க மங்கலான பெயின்ட். எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீல், சூடுபட்டு வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று ஏறும். அதற்குப் பின்னால் ஈயம் கலந்த பெட்ரோலின் வெளிர் சாம்பல் படிவம் நீளமாக ஓடும், கூடவே எஞ்சின் எண்ணெய்.

கடற்கரை விமானம் என்கிறாய். உப்புக் காற்று அலுமினியத்தை விடாது, வெள்ளைப் பொடி பூக்கும். அதிகம் மினுக்காதே.

ஒழுகினசேரிக்காரன்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. காத்து, உமக்கும்.

படித்ததும் வீட்டிலிருந்த கல்யாணச் சோற்று அலுமினியப் போணியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா ஏதோ வடகம் போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். மேல்பாதியில் வானத்தின் நீலம், கீழ்ப்பாதியில் தட்டோட்டின் செங்கல் நிறம். நடுவில் பக்கத்து வீட்டுத் தென்னை, நெளிந்து போய்க் கிடந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்த வட்ட வட்டக் கீறல், நான் சுற்றி நடக்கச் சுற்றி வந்தது. போணியில் எங்குமே சாம்பல் நிறம் இல்லை.

இப்போது அடிநிறம் 245, வெறுமையாகவே விட்டிருக்கிறேன். ரஃப்னெஸை ஒரு தகட்டுக்கு 70, பக்கத்துத் தகட்டுக்கு 95, கதவோரம் 120 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். உருட்டின திசைக்கு ஏற்ப மெல்லிய கோடு, பத்துக்குள் ஏற்ற இறக்கம். கன்னியாகுமரியில் மறுபடி சாய்த்தேன். கடல் வயிற்றில் ஏறி வந்து இறங்கியது. இரண்டு தரம் வட்டம் போட்டேன்.

ஒரே சிக்கல் பாக்கி. பனைமரத்தில் பாதி வாலின் தகட்டில், பாதி துணி ரடரில். மரம் ஒட்டிவிட்டது, ஆனால் சுற்றியிருக்கிற வெள்ளி இரண்டு பக்கமும் சேரவில்லை. ஒரு பக்கம் வானம் மினுங்குகிறது, ஒரு பக்கம் மந்தமாக நிற்கிறது. ரடரிலும் மெட்டாலிக்கை ஏற்றிவிடட்டுமா?

பழைய பிட்டர், தக்கலை:

ஏற்றாதே. அது சேரவே சேராது. ரன்வேயின் அந்தக் கடைசியில் நின்றாலும் இது துணி என்று எங்களுக்குத் தெரிவது அதனால்தான்.