ஏற்காட்டுக்கு மனநல ஆலோசகர்: பத்தாவது பாஸ் போதுமா?

மலைமிளகு:
போன வாரம் இங்கே ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: “மனச்சோர்வை டாக்டர்தான் பார்க்கணும், மற்றவர்கள் பேசுவதெல்லாம் டீக்கடைப் பேச்சு.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விக்ரம் படேல் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா? அவரும் மனநல டாக்டர்தான். 1996-ல் கோவாவில் ‘சங்கத்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய குழு மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. நல்ல கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு 6 முதல் 8 தடவை பேச்சு. மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த ஆலோசகர்களுக்குக் கேட்ட படிப்பு பத்தாவது. நம் மலையில் பத்தாவது முடித்தவர்களுக்கா பஞ்சம்?

குகை மருந்துக்கடை:
அந்த “ஒரு அண்ணன்” நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் தம்பி, கோவிக்க மாட்டேன். ஆனால் நீங்களே எழுதியதை நீங்களே ஒரு தடவை படியுங்கள். பத்தாவது! என் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவே டி.பார்ம் என்ற மருந்தாளர் படிப்பைக் கேட்கிறது சட்டம். உயிரை விடலாமா என்று யோசிக்கிற ஆளிடம் பேச பத்தாவது போதுமா? உங்கள் வீட்டில் யாருக்காவது என்றால் பத்தாவது பாஸிடம்தான் கூட்டிப் போவீர்களா?

நாகலூர் டீச்சர்:
சார், ஆலோசகர் என்றால் யார் என்று முதலில் பேசி முடிக்கலாமா? அவர் மருந்து எழுதுவதில்லை, நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. முன்பு என்னவெல்லாம் செய்து கொண்டிருந்தீர்கள், இப்போது எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார். கோலம் போடுவதை விட்டிருந்தால், வரும் செவ்வாய் வாசலில் நாலு புள்ளி வைக்க முடியுமா என்று பேசி நாள் குறிக்கிறார். அடுத்த முறை வந்ததும் வைத்தீர்களா என்று விசாரிக்கிறார். வைக்கவில்லை என்றால் எது தடுத்தது என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். இந்தப் பேச்சைப் பதிவு செய்து, ஆலோசகர்களே கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மதிப்பெண்ணும் போட்டார்கள்.

குகை மருந்துக்கடை:
மதிப்பெண் போட்டவர்களும் பத்தாவதுதானே டீச்சர்? கூடி உட்கார்ந்தால் பி.ஏ. ஆகிவிடுமா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
மருந்துக்கடையாருக்கு டிகிரி என்றால் சாமி. என் தங்கச்சியை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். காலை ஏழு மணிக்கு டோக்கன், எங்கள் முறை வரும்போது பன்னிரண்டரை. டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “தூக்கம் வருதா?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் சீட்டில் ‘ரிப்பீட்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கோவாவில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்து கேட்டார்களாம். காது கொடுத்துக் கேட்க எந்த டிகிரி வேண்டும்?

குகை மருந்துக்கடை:
கொலுசு, போன மாதம் இங்கே மாம்பழ விவாதத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக் கொண்டது ஆறவில்லை போலிருக்கிறது. அதை இங்கே இறக்காதீர்கள். டாக்டர் நிமிரவில்லை என்றால் டாக்டர்களைக் கூட்டு என்று கேள். அதை விட்டுவிட்டுப் பத்தாவது பாஸை நாற்காலியில் உட்கார வைப்பது அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான். பணக்காரனுக்கு டாக்டர், மலைக்காரனுக்குப் பத்தாவதா?

இன்னொன்று. அதே படேல் குழுவின் 2010 ஆய்வைப் பற்றி ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? கோவாவில் 24 இடங்கள், அரசு 12, தனியார் 12. அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதம் பேர் தேறினார்கள், ஆலோசகர் இல்லாத இடத்தில் 42.5. சரி, ஒத்துக்கொள்கிறேன். தனியாரில்? ஆலோசகர் இருந்த இடத்தில் 64.1, இல்லாத இடத்தில் 65.9. ஒரு பிரயோஜனமும் இல்லை! இதைச் சொல்ல மட்டும் வாய் வராதே.

மலைமிளகு:
அண்ணா, நீங்கள் போட்ட எண்ணே உங்களுக்குப் பதில் சொல்கிறது. தனியாரில் ஆலோசகர் இல்லாமலேயே 65.9 தேறியிருக்கிறார்கள். அங்கே டாக்டர் முகம் தெரிந்தவர், ஏற்கெனவே நேரம் கொடுத்துப் பேசியிருப்பார். ஆள் இல்லாத அரசு நிலையத்தில்தான் ஆலோசகரால் பலன். நம் மலை எந்தப் பக்கம்?

குகை மருந்துக்கடை:
“பேசியிருப்பாராம்.” யூகத்துக்கும் பத்தாவது போதும் போல.

அம்மாபேட்டை தறி:
கோவா கதையே எதற்கு? நம் காஞ்சிபுரம் பக்கமே நடந்ததே. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கவனிக்கிற ஆய்வு. மனச்சிதைவுக்காகவே இயங்கும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பும் அதில் உண்டு. மூன்று மாநிலம், 282 பேர், 2014 லான்செட். அதிலும் டாக்டர் இல்லாத களப்பணியாளர்கள்தான். பலன் ஓரளவுதான், ஆனால் இருந்தது.

குகை மருந்துக்கடை:
“ஓரளவு”! நன்றி தறி அண்ணா. இத்தனை பேரில் நீங்கள் ஒருவர்தான் உண்மை பேசியிருக்கிறீர்கள்.

அம்மாபேட்டை தறி:
நான் உங்கள் பக்கம் இல்லைங்க. டாக்டரும் உண்டு, களப்பணியாளரும் உண்டு என்றுதான் சொல்ல வந்தேன்.

குகை மருந்துக்கடை:
தெரியும், தெரியும். இன்னொரு விஷயம் இருக்கிறது, டீச்சர் அதைத் தொடவே மாட்டார். நாகலூரில் எல்லாரும் மாமன் மச்சான். காலையில் ஒருத்தியிடம் மனசைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் காபித் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். 2017 மனநலச் சட்டம் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்கிறது. பத்தாவது பாஸ் அந்தச் சட்டத்தைப் படித்திருப்பாரா?

நாகலூர் டீச்சர்:
உங்கள் கடைக்கு யார் என்ன மாத்திரைக்கு வருகிறார்கள் என்று போன தீபாவளிக்கு இங்கேயே கதை எழுதினீர்களே சார், எந்தச் சட்டத்தில் அதற்கு இடம்?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
😂😂 டீச்சர்!

குகை மருந்துக்கடை:
அதில் யார் பெயரையும் போடவில்லை.

நாகலூர் டீச்சர்:
தெருப் பெயர் போட்டீர்கள்.

ஐந்துரோடு:
14416 என்று இலவச எண் இருக்கிறது. 2022-லிருந்து இருக்கிற டெலிமானஸ், அரசின் தொலைபேசி மனநல உதவி. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். எதற்கு இவ்வளவு சண்டை?

மலைமிளகு:
எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நிற்கணும். தற்கொலை எண்ணத்தோடு இருக்கிறவரைப் பாறை மேல் ஏறச் சொல்கிறீர்களா? சேலத்துக்கு இறங்கலாம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு, பழம் பறிக்கிற மாதத்தில் ஒரு நாள் கூலியும் போச்சு. கையில் வருவது அந்த ‘ரிப்பீட்’ சீட்டு.

ஐந்துரோடு:
இப்போது பஸ் அடிக்கடி இருக்கிறதே.

மலைமிளகு:
ஏற்காட்டுக்கு இருக்கிறது. எங்கள் ஊருக்கு?

ஐந்துரோடு:
ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பார்த்தேனே, காலியாகத்தான் போனது.

மலைமிளகு:
ஞாயிற்றுக்கிழமை வந்து பஜ்ஜி தின்றுவிட்டு இறங்குகிறவர்கள் எங்களுக்கு டைம்டேபிள் சொல்ல வேண்டாம்.

ஐந்துரோடு:
நாங்கள் வந்து தின்றால்தான் அங்கே பிழைப்பே.

அம்மாபேட்டை தறி:
தம்பிகளா, பஸ் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குகை மருந்துக்கடை:
பஸ்ஸையும் பஜ்ஜியையும் கொண்டு வந்தது யார்? பதில் இல்லாதவர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி, இதுவரை ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. பத்தாவது பாஸிடம் உங்கள் வீட்டு ஆளைக் கூட்டிப் போவீர்களா, மாட்டீர்களா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
போவேன். தங்கச்சியையே கூட்டிப் போவேன். போதுமா?

குகை மருந்துக்கடை:
இங்கே எழுதுவது சுலபம்.

நாகலூர் டீச்சர்:
சார், உங்கள் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பையன் என்ன படித்திருக்கிறான்?

குகை மருந்துக்கடை:
அது வேறு விஷயம். அட்மின், இந்த டீச்சர் தனிப்பட்ட முறையில் தாக்குகிறார். கவனிக்கவும்.