இரட்டைக் கழுத்து ஸ்டீல் கிட்டார், வாங்கலாமா?

வணக்கம். ஊர் கும்பகோணம். ஆறு வருடமாக மடியில் வைத்து ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறேன். போன வாரம் நாகப்பட்டினத்தில், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு கழுத்து, கழுத்துக்கு எட்டுக் கம்பி. தையல் டேப்பால் அளந்தால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, அதாவது கம்பி அதிரும் நீளம், 22½ அங்குலம். பெரியவர் கேட்பது 90,000 ரூபாய்.

வாசிக்கும்போதே கம்பிகளின் சுருதியை மாற்றும் பெடல் இல்லாததால்தான் இத்தனை கழுத்து. ஒவ்வொன்றையும் ஒரு சுருதியில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை சி6 என்ற சுருதி அமைப்பில் வைத்தால் ச க ப த, ரிஷபம் இல்லாத மோகனம்! ஆசை அங்கேதான் தொடங்கியது.

ஃபிரெட் கோடுகள் தேய்ந்திருக்கின்றன. அது பரவாயில்லை, மேலே இரும்புத் துண்டை வழுக்கித்தானே வாசிப்பது, கம்பியைப் பலகையில் அழுத்தப்போவதில்லையே. கவலை வேறு. கடல் காற்றில் பிருடைகள் துருப்பிடித்து இரண்டு சுற்றவே மாட்டேன் என்கின்றன. ஒரு கழுத்துக்கு இரண்டு பிக்கப் (கம்பி அதிர்வை மின் சைகையாக்கும் காந்தமும் காயிலும்). உள்கழுத்தில் ஒன்று ஊமை. நான்கு கால்களில் ஒன்றைக் காணோம், செங்கல் முட்டுக்கொடுத்துதான் வாசித்துக் காட்டினார்.

அந்தக் காயிலைத் திரும்பச் சுற்ற முடியுமா? எங்கள் ஊர் மோட்டார் வைண்டிங் அண்ணன் "கொண்டா, பாத்துக்கலாம்" என்கிறார். காயில் கம்பியோ தலைமுடி மாதிரி, கொடுக்கப் பயமாக இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி பக்கம் பிக்கப் சுற்றுபவர் யாரையாவது தெரியுமா? அப்புறம், இந்த நிலையில் என்ன விலை சொல்லலாம்? ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.