‘இஸ்’ விடுபடும் வாக்கியங்கள்

கேள்வி (ஹட்டன்): தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 6 மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எத்தனை முறை திருத்தினாலும் ‘மை ஃபாதர் இஸ் எ டிரைவர்’ என்பதை ‘மை ஃபாதர் டிரைவர்’ என்றே எழுதுகிறார்கள். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில் (தலவாக்கலை): டீச்சர், அது பிள்ளைகளின் கவனக்குறைவல்ல. ‘என் அப்பா சாரதி’ என்பது தமிழில் வினைச்சொல் இன்றியே நிறைவடைகிறது. ஆங்கிலத்திலோ அங்கே வினை கட்டாயம் என்பதால், இரு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ‘இஸ்’ வரும் இடத்தைத் தமிழில் வெற்றுக் கட்டமாக விட்டுக் காட்டுங்கள். பிறகு தங்கள் வீட்டாரைப் பற்றியே ஐந்து வாக்கியங்கள் சொல்லட்டும். ‘எ டிரைவர்’ என்பதிலுள்ள ‘எ’யை அடுத்த வாரம் திருத்தலாம்.

பதில் (பண்டாரவளை): நான் வினா வாக்கியத்தையும் உடன் சேர்ப்பேன். சொல்லட்டைகளில் ‘இஸ்’ஸை முன்னே நகர்த்திக் கேள்வியாக்கிய பிள்ளைகள் அதை எளிதில் மறப்பதில்லை.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி சேர். திங்கட்கிழமையே அட்டைகளுடன் வகுப்புக்குச் செல்கிறேன்.