ரிக் வண்டியில் கண்ட எரிமலை

திருச்செங்கோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

எரிமலையோடு நேர்ந்த அனுபவங்களைப் பகிருமாறு கேட்டிருந்தீர்கள். புகை கக்கும் மலை எதையும் நான் கண்டதில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டியில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறையைப் பல்லாயிரம் அடி துளைத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் போர் போட்டால், மேல்மண் கழிந்ததும் வெளிறிய சாம்பல் நிறத் தூள் பறக்கும். இடையிடையே வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைப் படிகக் கல்லின் துணுக்குகள் தெறிக்கும். ஐந்நூறு அடி இறங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். மகாராட்டிரத்தில் நான் பார்த்த முதல் போரில் தொடக்கம் முதலே கறுப்புத் தூள் வந்தது. நான்காவது ராடு (துளையிடும் இரும்புக் குழாய்) இறங்கும்போது அது திடீரெனச் செங்கல் நிறமாயிற்று. பாறைக்கு அடியில் மண் எப்படி வரும் என்று நான் திகைத்து நிற்க, மூத்த டிரில்லர், "கண்ணு, இது வெந்த மண்ணு, விட்டா சரிஞ்சு ராடைப் புடிச்சுக்கும்" என்று எச்சரித்தார். சில அடிகளில் மீண்டும் கறுப்பு, அதன்பின் மீண்டும் சிவப்பு. அன்றிரவே ஒரு நோட்டில் அடியையும் நிறத்தையும் குறிக்கத் தொடங்கினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

"வெந்த மண்" என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னர் படித்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு கறுப்பு அடுக்கும் ஒரு முறை வழிந்தோடிய குழம்பு. அது ஆறியபின் அடுத்த குழம்பு வருவதற்குள் நீண்ட இடைவெளி கிடைத்தால், மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகிறது. அந்த மண்ணின் மேல் மறுபடியும் குழம்பு பரவும்போது சூளையில் வைத்ததுபோல் சுடப்படுகிறது. சிவப்பு அடுக்குக்குச் சற்றுக் கீழே கிடைக்கும் கறுப்புக் கல்லைக் கையில் எடுத்தால், இட்லியைப் பிய்த்ததுபோல் முழுவதும் துளைகளாக இருக்கும். குழம்பில் கரைந்திருந்த வாயு, மேலே வரவர அழுத்தம் குறைந்து குமிழியாகி, வெளியேறுமுன் கல் இறுகிவிட்டதன் அடையாளம் அது. சில துளைகளில் பிற்காலத்தில் ஊறிய நீர் சியோலைட் என்னும் வெண்படிகங்களை வளர்த்திருக்கும். புளியங்கொட்டை அளவில் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஊசி ஊசியாகத் தெரியும்.

இந்தக் கறுப்புப் பாறை தக்காணப் பீடபூமியில் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது; மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் அதன் கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கூம்பு வடிவ மலையின் உச்சியிலிருந்து என்பதைவிட, நிலத்தில் விழுந்த நீண்ட பிளவுகள் வழியாகவே இது பெருமளவு வெளிவந்தது. சிலிக்கா குறைந்த குழம்பு இளகலாக இருப்பதால் வெகுதூரம் ஓடும். சிலிக்கா மிகுந்த பிசுபிசுப்பான குழம்போ வாயுவை வெளிவிடாமல் அடைத்துவைத்து, இறுதியில் வெடித்துச் சாம்பலாகச் சிதறும். அன்று இந்தியாவைத் தாங்கி நகரும் நிலத்தட்டுக்கு அடியில், பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த அதே வெப்பம்தான் இன்று இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவின் எரிமலைக்கு அடியில் இருக்கிறது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர்.

மகாராட்டிரத்து மலைகள் படிக்கட்டுப்போல் தெரிவதற்கும் இந்த அடுக்குகளே காரணம்: அடுக்கின் உறுதியான நடுப்பகுதி செங்குத்தாக நிற்க, துளைக்கல்லும் சிவப்பு மண்ணும் எளிதில் அரிந்துபோகின்றன. அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்ததும் இந்த அடுக்குகளில்தான்.

பல்லடத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அருமைங்க அண்ணா. எங்கள் தோட்டத்துக் கரிசலும் எரிமலை தந்த மண்தான் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அது உண்மைதானா?

திருச்செங்கோட்டிலிருந்து:

மகாராட்டிரக் கரிசலுக்கு அது பொருந்தும், தம்பி. நம் கரிசலுக்குப் பொருந்தாது. உங்கள் பக்கம் போர் போட்டபோதெல்லாம் கரிசலுக்குக் கீழே சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக் கல்லும், அதற்கும் கீழே வரிவரியாகத் தெரியும் நம்முடைய பழைய பாறையுமே வந்தன. ஒருமுறைகூட அந்தத் துளைக்கல்லையோ வெந்த மண்ணையோ நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள பாறை, மழை குறைந்த நிலத்தில் மெதுவாகச் சிதைந்தாலும் கரிசல் உண்டாகும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதால்தான் இந்தத் தவறு இத்தனை காலம் நீடிக்கிறது.

தருமபுரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் காட்டில் ஒரு கருங்கல் வரிசை சுவர்போல் கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதற்கு வடக்கே உள்ள கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும். தெற்கே என் அப்பா வெட்டிய கிணறு இருபது ஆண்டுகளாக வறண்டு கிடக்கிறது. சாமி குற்றம் என்றே வீட்டில் நம்பினார்கள். பிளவு வழியாக மேலேறிய குழம்பு வழியிலேயே இறுகிய சுவர் அது என்றும், நிலத்தடி நீரை அது அணைபோல் மறிக்கக்கூடும் என்றும் நிலவியல் படித்த ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். இப்பகுதிச் சுவர்களுள் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாம். அவற்றின் மேலே குழம்பு வெளிவந்து பரவியிருந்தால்கூட, அது எப்போதோ அரிந்து போயிருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து:

அந்தச் சுவரின் அகலத்தை அளந்து பார்த்தீர்களா, அண்ணா?

தருமபுரியிலிருந்து:

நடந்து எட்டு வைத்து அளந்தேன். நாற்பத்திரண்டு எட்டு.