வளவுக்குள்ள நேர்கோட்டு வேகக் கார்: அல்டோ 800 இஞ்சினோட மணிக்கு 200 கிமீ போகலாமா?

சாம்பல்தீவான்:

வணக்கம் அண்ணைமார். அடிபட்ட மாருதி அல்டோ 800 ஒன்றிட இஞ்சினும் கியர்பெட்டியும் நல்ல நிலையில இருக்கு. 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைவலு. ஒரு ஆள் இருந்து, இஞ்சினைப் பின்னால வைச்சு, நேர்கோட்டில மட்டும் ஓடுற கார் ஒன்றை வளவுக்குள்ளயே கட்டுறதுதான் எண்ணம். 50க்கு 50 பொக்ஸ் பாரில சேசி, ஒன்றரை அங்குல ஜீஐ பைப்பில ரோல் கேஜ் (உருண்டால் ஆளைக் காக்கிற கூடு), 200 லீற்றர் எண்ணெய் பரல் மூன்றை நீளவாக்கில வெல்ட் பண்ணி பொடி. இலக்கு 200 கிமீ. நிலாவெளிக் கடற்கரையில விடியக்காலமை ஓடலாம் என்று நினைக்கிறன். இஞ்சினில என்ன மாத்த வேணும்? டர்போ போடலாமா? வேற எங்க பிழைக்கும்?

சீனன்குடா கியர்:

தம்பி, இஞ்சினைக் கடைசியாப் பாப்பம். ஓடுற இடம் எவ்வளவு நீளம் என்று முதலில முடிவெடுங்கோ. வேகத்தை அந்த நீளம்தான் தீர்மானிக்கும்.

கடற்கரை சரிவராது. 1927இல வேகச் சாதனை ஓட்டுனர் மல்கம் காம்பெல் வேல்ஸில பென்டைன் கடற்கரையில மணிக்கு 174.88 மைல், அதாவது 281 கிமீ ஓடினார். அங்க வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில கடல் பல மீற்றர் ஏறி இறங்கும். தண்ணி வடிஞ்சால் தட்டையான, நனைஞ்சு இறுகின மணல் கிலோமீற்றர் கணக்கில கிடக்கும். எங்கட பக்கம் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. கரை கடலை நோக்கிச் சரிஞ்சிருக்கு, மணல் பொருபொருத்தது. 450 கிலோ காருக்கு இந்த மணலில உருளல் தடை மட்டும் 900 நியூட்டன் அளவில வரும். 200 கிமீயில காத்துத் தடையே 640தான். கரைவலை இழுக்கிற ஆக்களும் கயிறும் வேற. பென்டைனில அதே 1927 மார்ச் 3இல பரி தோமஸ் எண்ட இன்னொரு ஓட்டுனர் சாதனை ஓட்டத்திலதான் இறந்தார், அது அவ்வளவு நல்ல மணலில.

உப்பளமும் வேண்டாம். அமெரிக்காவில வேக ஓட்டம் நடக்கிற பொனவில் போல பரந்த உப்புத் தரை இல்லை இது. வரம்பு கட்டின பாத்தி, மேல் உப்புக்குக் கீழ சேறு. பொது வீதி என்ற பேச்சே இல்லை. பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டி, றோட்டில மற்றாக்கள் இருப்பினம். மிச்சம் இருக்கிறது ஓடுபாதைத் தார்தான். சீனன்குடா விமானப்படையிட இடம். பதிவு செய்த மோட்டார் விளையாட்டுக் கழகம் ஒன்றுக்கூடாக, அம்புலன்ஸ், தீயணைப்பு ஒழுங்கோட கடிதம் கொடுத்து அனுமதி கேட்க வேணும். களுத்துறை கட்டுகுருந்த ஓடுபாதையில பந்தயம் நடக்கிறது தெரியும்தானே. அதே முறைதான்.

இப்ப கணக்கு. ஆளோட 450 கிலோ, முன்பரப்பு 0.8 சதுர மீற்றர், சில்லு நாலும் வெளியில நிக்கிறபடியால் இழுவைக் குணகம் (வடிவைக் காத்து எவ்வளவு இழுக்கும் எண்ட எண்) 0.45 என்று எடுத்தன். 150 கிமீக்குச் சில்லில 25 குதிரைவலு காணும். 200க்கு 54 வேணும். வலு வேகத்தின்ர மும்மடியில ஏறுறதால்தான் இப்படி. 48இல கியர்பெட்டி பத்து வீதம் தின்ன, சில்லுக்கு வாறது 43. ஆகவே உங்கட மேல் எல்லை 180 சொச்சம், அதுவும் முடிவில்லாத பாதை இருந்தால். சில்லை மூடி, குணகத்தை 0.3க்கு இறக்கினால் 200க்கு 38 குதிரைவலு போதும். ஆனால் அந்த 200ஐத் தொட 2 கிமீக்கு மேல ஓட வேணும், பிறகு நிக்கவும் இடம் வேணும்.

இலக்கை 150 ஆக்குங்கோ. சில்லு வெளியில இருந்தாலும் 550 மீற்றரில வரும், கியர் மாத்தறதையும் சேர்த்து 700 என்று வையுங்கோ. மிதமான பிரேக்கில நிக்க 220 மீற்றர், கால் பிரேக்குக்குப் போற ஒரு செக்கனில இன்னும் 42. 1.2 கிமீ தார் இருந்தால் காரியம் நடக்கும். டர்போ தேவையில்லை. வயரிங்கைக் கணினி, சாவி, இம்மொபிலைசர் (களவுத் தடுப்பு) பெட்டியோட முழுசாக் கழட்டுங்கோ. ஒன்று விடுபட்டாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

றேடியேற்றரும் வேண்டாம். ஓட்டம் அரை நிமிசத்துக்குள்ள முடியும், அந்த நேரத்தில தண்ணிக்குப் போற சூடு 20 லீற்றர் தாங்கியை 10 பாகை அளவுதான் ஏத்தும். தாங்கிக்கு அமுக்க மூடி போட்டு, இஞ்சினைவிட உயரத்தில வைச்சு, காத்துக் குமிழ் போக ஒரு குழாய் விடுங்கோ. மூக்கில ஓட்டை இல்லாததே பெரிய லாபம்.

கியர் விகிதத்தைப் புத்தகத்தில தேட வேண்டாம். பிளக்கைக் கழட்டி, கியரில போட்டு, ரெண்டு பக்கச் சில்லையும் சேர்த்து ஒரு சுத்துச் சுத்துங்கோ. கிராங்க் புலி (இஞ்சின் தண்டின்ர கப்பி) எத்தினை சுத்துதோ அதுதான் மொத்த விகிதம். 145/80 ஆர்12 டயர் ஒரு சுத்துக்கு 1.69 மீற்றர் போகும், 150 கிமீயில நிமிசத்துக்கு 1480 சுத்து. இஞ்சின் உச்ச வலு 6000இல எண்டபடியால் 4.05க்குக் கிட்ட வாற கியர்தான் உங்கட ஓட்டக் கியர்.

மட்டிக்களி வெல்டிங்:

பரல் விசயத்தை முதலில சொல்லிடுறன். எண்ணெய் இருந்த பரலில வெல்டிங் நெருப்புப் படக்கூடாது. கழுவினாலும் மடிப்புக்குள்ள ஆவி நிக்கும், வெடிக்கும். அதோட 58 செமீ விட்டத்துக்குள்ள கேஜ் போய், ஆள் போய், ஹெல்மெட் போகாது.

ஜீஐ பைப் கேஜுக்கு ஆகாது. அது தண்ணிக் குழாய். நாகப் பூச்சு வெல்டுக்குள்ள போய்த் துளை விழுத்தும், அந்தப் புகை ஆளுக்குக் காய்ச்சலும் குடுக்கும். பொனவிலில இந்த வகைக் காருக்குக் கேக்கிற அளவு வெளிவிட்டம் ஒன்றேஐந்தெட்டு அங்குலம் (41.3 மிமீ), சுவர் 0.120 அங்குலம் (3 மிமீ). வேகம் குறைவு எண்டாலும் இதிலயிருந்து கீழ இறங்காதையுங்கோ. மீற்றருக்கு 2.8 கிலோ வரும். உள்ள மடிப்பு இல்லாத இழுவைக் குழாய் எண்டு கேட்டு வாங்கி, வெட்டின முனையில வேர்னியரால நாலு இடம் அளவுங்கோ. வளைக்கிறது மணல் அடைச்சுச் சூடாக்கி இல்லை, டை போட்ட ஹைட்ரோலிக் பெண்டரில. வளைவின்ர உள்பக்கம் சுருக்கம் விழுந்தால் அந்தத் துண்டு கழிவு.

சேசிக்கு 50x50x3 பொக்ஸ் பார் சரி, மீற்றருக்கு நாலேகால் கிலோ. முக்கோணமா முட்டுக் குடுங்கோ, வெறும் ஏணி போலக் கட்டினால் முறுகும்.

வெல்டிங்: 2.5 மிமீ குச்சி, 70 முதல் 90 அம்பியர். இ7018 (ஈரம் படக்கூடாத வகைக் குச்சி) பாவிக்கிறதெண்டால் இந்தக் கடல்காத்து ஈரத்தில பெட்டி உடைச்சு வைச்ச குச்சி உதவாது. 350 பாகையில ஒரு மணித்தியாலம் சூளை காய்ச்சி, சூட்டோடயே எடுத்து அடிக்க வேணும். அந்த வசதி இல்லாட்டி சீஓ2 மெசின் (கம்பியும் வாயுவும் போற வெல்டிங் மெசின்) வாடகைக்கு எடுங்கோ. குழாய் முனையை மீன்வாய் போலக் கடைஞ்சு, இடைவெளி ஒன்றரை மிமீக்கு மேல போகாமல் பொருத்த வேணும். இடைவெளியைக் குச்சியால நிரப்புறது வெல்ட் இல்லை.

காரைத் தொட முதல் அதே குழாயில ஒரு 'டீ' மூட்டு அடிச்சு, வாளால நடுவால அறுத்து, அரத்தால மினுக்கிப் பாருங்கோ. ரெண்டு உலோகமும் ஒன்றாகி இருந்தால் வெட்டு முகத்தில கோடே தெரியாது. மூட்டின்ர அடியில மயிரளவு கறுப்புக் கோடு தெரிஞ்சால் உருகி ஒட்டேல்லை, அம்பியரைக் கூட்டுங்கோ. சுத்தியலால அடிச்சால் குழாய் வளைய வேணும், வெல்ட் கழரக்கூடாது. வடிவுக்கெண்டு வெல்டை கிரைண்டரால மட்டமாத் தேய்க்கிற பழக்கம் கேஜில வேண்டாம்.

கேஜ் ஹெல்மெட்டுக்கு மேல 75 மிமீ நிக்க வேணும். பெல்ட் ஐந்து அல்லது ஆறு முனை, 3 அங்குல அகலம். தோள் பட்டி தோள் மட்டத்திலயிருந்து நேர் பின்னால குறுக்குக் குழாயில கட்டுப்படோணும். தரையில கொண்டுபோய்க் கட்டினால் மோதும்போது பட்டி முள்ளந்தண்டைக் கீழ அமத்தும். கையைக் கூட்டுக்குள்ள வைச்சிருக்கிற மணிக்கட்டுப் பட்டியும் போடுங்கோ. உருண்டால் முதலில வெளிய போறது கைதான்.

கொட்பே ஃபைபர்:

பொடிக்கு இரும்பு எதுக்கு? போட் வார்க்கிற சாமானே காணும். பில் பேர்க் எண்ட அமெரிக்கர் 1946இல போர் விமானத்தின்ர வெளி எண்ணெய்த் தாங்கியை எடுத்துத்தான் இந்த வகைக் காரைத் தொடக்கினார். தாங்கி இல்லாத ஊரில நாங்கள் அதே வடிவை ஃபைபரில இழுக்கலாம்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடி நார் மற் மூன்று படை, ஏறக்குறைய 3 மிமீ தடிப்பு. மற் எடையின்ர ரெண்டரை மடங்கு பொலியெஸ்டர் ரெசின். சதுர மீற்றருக்கு 4.7 கிலோ, உங்கட அளவுக்கு 9 சதுர மீற்றர் எண்டால் 42 கிலோ. ஹார்ட்னர் எங்கட வெக்கையில ஒரு வீதம் போதும். ரெண்டு வீதம் ஊத்தினால் வாளிக்குள்ளயே இறுகிப் புகைக்கும். காலமை ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்குள்ள முடியுங்கோ. அச்சை ரெஜிபோமில செதுக்கிறதெண்டால் கவனம், பொலியெஸ்டர் ரெசின் ரெஜிபோமைக் கரைச்சுக் குழியாக்கும். மேல பிளாஸ்டர் பூசி, காய விட்டு, பக்கிங் ரேப் சுத்தி, மெழுகு தேய்ச்ச பிறகுதான் முதல் படை. ஃபைபர் எரியும். ஆளுக்கும் இஞ்சினுக்கும் நடுவில ஒரு மிமீ இரும்புத் தகடு முழு அகலத்துக்கும் வேணும், வயர் போற ஓட்டையையும் அடையுங்கோ.

வடிவில ஒரு விசயத்தைத் தயவுசெய்து விடாதையுங்கோ. இஞ்சின் பின்னால, ஆகவே பாரமும் பின்னால. பாரத்தின்ர மையத்துக்குப் பின்னால காத்து தள்ளுற மையம் இருக்க வேணும், அம்புக்கு வாலில இறகு வைக்கிறது போல. மாறி இருந்தால் பக்கக் காத்து ஒன்று அடிச்சதும் வால் முன்னால வரப் பாக்கும், ஸ்டீரிங் எவ்வளவு வெட்டினாலும் மீளாது.

பாக்கிற வழி லேசு. காரின்ர பக்கத் தோற்றத்தைச் சில்லோட சேர்த்துப் பத்தில ஒரு அளவில காட்போட்டில வெட்டுங்கோ. பென்சிலைப் படுக்க வைச்சு அதுக்கு மேல குறுக்கா நகர்த்துங்கோ, ரெண்டு பக்கமும் விழாமல் நிக்கிற இடத்தில கோடு கீறுங்கோ. அது பக்கப் பரப்பின்ர மையம். சின்னக் கோணத்தில உண்மையான தள்ளல் அந்தக் கோட்டைவிட முன்னாலதான் விழும், அதனால கோடும் பாரமையமும் ஒன்றாயிருந்தால் போதாது. கோடு முழு அளவில 30 செமீயாவது பின்னால இருக்கப் பாருங்கோ. இல்லாட்டி வாலுக்கு நிமிர்ந்த துடுப்பு ஒன்று வையுங்கோ. அடிப்பக்கம் தட்டையா, மூக்கு வாலைவிட ஒரு பாகை தாழ்வா இருக்கட்டும். மூக்கு தூக்கியிருந்தால் காத்து அடியில புகுந்து முன்சில்லைத் தூக்கும்.

சாம்பல்தீவான்:

மிக்க நன்றி. 150, 1.2 கிமீ எண்டு மாத்திறன், பரலும் ஜீஐயும் இல்லை. ரெண்டு சந்தேகம். அல்டோவின்ர முன்பக்கத்தை அப்பிடியே பின்னுக்குக் கொண்டுபோனால் ஸ்டீரிங் கை (டை ரொட்) என்ன செய்றது? பாரமையத்தை வீட்டில எப்பிடி அளக்கிறது?

சீனன்குடா கியர்:

இஞ்சின், கியர்பெட்டி, அடிச்சட்டம், அச்சு, ஹப், டிஸ்க் எல்லாத்தையும் ஒரே கட்டா, முன்னுக்குப் பாத்தபடியே பின்னுக்குக் கொண்டு போங்கோ. 180 பாகை திருப்பி வைச்சால் முதல் கியரில கார் பின்னுக்குப் போகும். டை ரொட் ரெண்டையும் ஸ்டீரிங் றாக்கில இருந்து கழட்டி, உள்முனையை சேசியில போல்ட் போட்டுப் பூட்டுங்கோ. ஸ்பிரிங் இருந்தால் சில்லு ஏறி இறங்கும்போது அந்தக் கை வேற வட்டத்தில போகும், பின்சில்லு தானாத் திரும்பும். இதில பின்னுக்குச் ஸ்பிரிங்கே வேண்டாம். ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங் இருக்கிற தாங்கு காலை) ஒரு இரும்புத் தண்டால மாத்தி இறுக்கினால் அந்தப் பிரச்சினை அடியோட போகும், தார் மட்டமா இருக்கிறபடியால் தாங்கும்.

முன்பக்கம் காஸ்டர் (சில்லு திரும்புற அச்சின்ர பின்சாய்வு) 10 முதல் 12 பாகை, டோ-இன் (சில்லுகளின்ர முன்முனை உள்பக்கம் சாயிறது) 2 மிமீ. ஸ்டீரிங் மெதுவா இருக்க வேணும். நக்கிள் கையை (சில்லைத் திருப்புற கையை) நீட்டி, சில்லு ரெண்டு பக்கமும் 8 பாகைக்கு மேல திரும்பாமல் முட்டு வையுங்கோ. சூட்டைப் பொறுத்தமட்டில பிரேக்குக்குப் பின்னுக்கு இருக்கிற டிஸ்க்கே போதும், 150இல இருந்து ஒரு நிறுத்தலுக்கு 100 பாகை அளவுதான் சூடேறும். ஆனால் பின்சில்லு மட்டும் பூட்டினால் வால் சுத்தும். முன்னுக்கும் சின்ன டிஸ்க் போட்டு, பின் குழாயில அமுக்கம் குறைக்கிற வால்வு வைச்சு, 40 கிமீயில தொடங்கி முன்சில்லு முதலில பூட்டுற மட்டும் திருகுங்கோ.

பாரமையத்துக்கு 150 கிலோ தாங்கிற குளியலறைத் தராசு ரெண்டு காணும். பின்சில்லு ரெண்டுக்கும் கீழ வைச்சு, முன்சில்லுக்குக் கீழ அதே உயரத்துக்குப் பலகை அடுக்குங்கோ. ஆள் ஹெல்மெட்டோட உள்ள இருக்க வேணும், தண்ணித் தாங்கி நிரம்பியிருக்க வேணும். பிறகு முன்னுக்கு மாத்தி அளவுங்கோ. அச்சு இடைவெளி 3 மீற்றர், பின்னால 270, முன்னால 180 கிலோ எண்டால் மையம் முன் அச்சிலயிருந்து 1.8 மீற்றர். முன் அச்சுக்கு அரை மீற்றர் முன்னால மூக்குக்குள்ள 25 கிலோ ஈயம் போல்ட் பண்ணினால் அது 12 செமீ முன்னுக்கு வரும்.

டயர்: பக்கச் சுவரில 'டி' எழுத்து 190 கிமீ வரைக்கும். நாலு இலக்கத் திகதியைப் பாருங்கோ, 3522 எண்டால் 2022இன் 35ஆவது கிழமை. ஐந்து வருசம் தாண்டினதும் ரீபில்ட் பண்ணினதும் காருக்குக் கிட்ட வரக்கூடாது. காத்து 40 பிஎஸ்ஐ, பக்கச் சுவரில எழுதின உச்சத்துக்கு மேல போகாமல்.

வேகம் அளக்க ஒளிக்கதிர் உணரி ரெண்டை 20 மீற்றர் தள்ளி நட்டால் 150இல 0.480 செக்கன் காட்டும், ஒரு மில்லிசெக்கன் பிழைச்சால் 0.3 கிமீதான் வித்தியாசம். ரெண்டு திசையிலயும் ஓடிச் சராசரி எடுங்கோ, காத்தின்ர உதவி கழியும். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மத்தியானம் வேண்டாம். முதல் நாள் 60, பிறகு 80, பிறகு 100. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப் நட், டை ரொட் போல்ட், பெல்ட் போல்ட் மூன்றிலயும் பெயின்றால கீறின கோடு நேரா நிக்குதா எண்டு பாத்திட்டுத்தான் அடுத்தது.